எந்தச் சேவல் கொத்தும்?

குஞ்சு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, இது பெருசானா கொத்துமா? வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு." அதிலும் அசில் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது சண்டைச்சேவல் ஆச்சே" என்று பஞ்சாரத்துக்குள்ளேயே திரும்ப விட்டுவிட்டு, பக்கத்தில் துருதுருவென்று ஓடும் சிறுவிடை என்கிற சாதாரண ஊர்க்கோழிக் குஞ்சை வாங்கிப்போகிறவர்கள்தான் அதிகம். அது கூவ ஆரம்பித்த கொஞ்ச நாளில் அவர்களிடமிருந்தே போன் வரும். "அக்கா, கொல்லைப்பக்கம் கால் வைக்க முடியல, விரட்டுது."

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, வைக்கோல்போர், அதைத் தாண்டினால் வாய்க்கால். கோழிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கீரிப்பிள்ளைக்கும்தான். சிறுவிடை, நாங்கள் பெருவிடை என்று சொல்லும் அசில், வனராஜா, கடக்நாத், மகன் ஆசைப்பட்டு வாங்கிவந்த பிரம்மா ஜோடி என்று பல ஜாதியும் இந்தக் கொல்லையில் மேய்ந்திருக்கின்றன. நான் பார்த்தவரை முரட்டுச் சேவல் என்று பொதுவாக ஒன்று கிடையாது. சேவலோடு சேவல் மோதுவது ஒரு குணம். பெட்டையைப் போட்டு அடிப்பது வேறு குணம். மனுஷர் மேல் பாய்வது மூன்றாவது. ஒரு ஜாதியில் ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருந்தே தீரும் என்பதில்லை. வாங்க வருகிறவர்கள் முதல் குணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு மூன்றாவதுக்குப் பயப்படுகிறார்கள்.

என் மாமனார் கட்டுச்சேவல் வளர்த்தவர். சம்பா அறுவடை முடிந்த களத்தில் வெற்றுக்கால் சண்டை விடுவார்கள். கால் முள்ளுக்குத் துணி சுற்றியிருக்கும், கத்தி கிடையாது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அது பிடிக்காது. களத்துப்பக்கம் நான் போனதே இல்லை. ஆனால் அவர் சேவலை வளர்த்த விதத்தைத் தினமும் பார்த்தேன். காலையில் கம்பும் கேழ்வரகும் ஊறவைத்துக் கையில் வைத்து ஊட்டுவார். வாய்க்காலில் நீச்சல் விடுவார். துண்டால் துவட்டி, கழுத்தையும் தொடையையும் நீவிவிடுவார். தான் சாப்பிட உட்கார்ந்தாரா என்று சில நாள் எனக்கே தெரியாது.

அவர் கடைசியாக வைத்திருந்தது ஒரு காகம், அதாவது முழுக்கறுப்புச் சேவல். நிமிர்ந்து நின்றால் என் முழங்காலுக்கு மேலே வரும். வேறு சேவலின் கூவல் கேட்டால் போதும், கட்டியிருக்கும் கயிறு விறைத்துவிடும். அதே சேவலை என் மகள், பால்வாடிக்குப் போகிற வயசில், மடியில் வைத்துக்கொண்டு தாடையைச் சொறிந்துகொண்டிருப்பாள். அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். எனக்குப் பக்கென்று இருக்கும். "மாமா, கண்ணைக் கொத்திடப்போகுது" என்றால் அவர் சிரிப்பார். "ஏம்மா, ஆளைக் கொத்துற சேவலை எவன் தூக்கித் தண்ணி குடுக்குறது?"

அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. வெற்றுக்கால் சண்டையில் இடையிடையே சேவலைத் தூக்கி, தலையில் தண்ணீர் ஊதி, ரத்தம் துடைத்து, மறுபடி இறக்கிவிடுவார்கள். சேவலின் ஆத்திரம் உச்சியில் இருக்கும் நேரம் அது. அப்போது வளர்த்தவன் கையைக் கொத்துகிற சேவலால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. குழம்புக்குத்தான் போகும், பெட்டைக்குச் சேர்க்க மாட்டார்கள். இப்படியே பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வந்ததில், எதிரில் நிற்கும் சேவலைக் கண்டால் சாகும்வரை நிற்கிற, மனுஷன் தூக்கினால் அடங்கிவிடுகிற பறவை ஒன்று உருவாகிவிட்டது.

உடம்பும் அதற்கு ஏற்றாற்போல் அமைந்தது. அசிலுக்குக் கொண்டை சின்னது, தலையோடு ஒட்டிக்கிடக்கும். தாடி இருக்கிறதா என்று தேட வேண்டும். எதிரி பிடித்துத் தொங்கவோ கிழித்து ரத்தம் வரவைக்கவோ அங்கே ஒன்றும் இல்லை. கழுத்து தடிமன், இறகு குட்டையாக, உடம்போடு இறுகி இருக்கும். சண்டை போடும் விதமும் தனி. பறந்து பறந்து அடிக்காது. நெருங்கி நின்று கழுத்தால் முட்டி, அலகால் பிடித்துக்கொண்டு காலால் அடிக்கும். பொறுமையான சண்டை. கரூர் பூலாம்வலசுப் பக்கம் பொங்கலுக்கும், ஆந்திராவில் நம்மைப்போலவே நெல் விளைகிற கோதாவரி டெல்டாவில் சங்கராந்திக்கும் காலில் கத்தி கட்டி விடுவார்களே, அது வேறு கணக்கு. ஒரு வீச்சில் முடிந்துவிடும். அங்கே எகிறிப் பறந்து முதலில் அடிக்கிற வேகம்தான் பேசும். வெற்றுக்காலில் மூச்சும் தாங்கும் சக்தியும் பேசும். ரெண்டையும் சேவல் சண்டை என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் இதற்குப் பொறுக்கிய சேவல் அதற்கு ஆகாது.

அப்புறம் சிறுவிடை. எந்தக் கணக்கிலும் சேராமல் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் நம் ஊர்க்கோழி. சிறுவிடைச் சேவல்கள் சண்டை போடாமல் இருக்குமா? தினமும் போடும். ஆனால் அது சண்டை மாதிரியே இருக்காது. ரெண்டும் தலையைத் தாழ்த்தி, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முறைக்கும். எகிறும், ரெண்டு உதை, ஒன்று ஓடும். ஜெயித்தது கொஞ்ச தூரம் துரத்திவிட்டு இறக்கையைத் தட்டிக் கூவும். முடிந்தது. கோழிகளுக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் இப்படித்தான். தோற்றது ஓட இடம் இருக்கிறது, ஓடத் தெரிந்தும் இருக்கிறது. அசிலிடம் மனுஷன் பிடுங்கிக்கொண்டது அந்த ஓட்டத்தைத்தான். ரெண்டு அசில் சேவலை ஒரே கொல்லையில் அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தால், ஒன்று செத்திருக்கும், மற்றது சாகக் கிடக்கும்.

எங்கள் வீட்டில் ஆளை விரட்டிய சேவல் ஒரு சிறுவிடைதான். செவலை நிறம். கூடப்பிறந்ததெல்லாம் வெள்ளைக்கழிச்சலில் போய்விட, ஒற்றைக் குஞ்சாக மிஞ்சியது. மாமியார் பாவம் பார்த்து அடுப்படியில் வைத்து வளர்த்தார்கள். வேறு சேவலையே பார்க்காமல், எங்கள் கால்களுக்கு நடுவிலேயே வளர்ந்தது. குரல் உடைந்ததும் எங்களைத்தான் போட்டிச் சேவல் என்று நினைத்தது. பால்காரர், சிலிண்டர் கொண்டுவரும் பையன், யாரையும் விடாது. பக்கவாட்டாக நடந்து, ஒரு இறக்கையை மட்டும் தரையோடு இழுத்து ஒரு ஆட்டம் ஆடும். அடுத்த நொடி கெண்டைக்காலில் முள் இறங்கியிருக்கும். மகளிர் குழுத் தவணை வசூலுக்கு வரும் தம்பி தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "அக்கா, அதைப் புடிச்சுக் கட்டுங்க" என்று கத்துவார். கட்டுகிறேன், கட்டுகிறேன் என்று நானும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். அந்த ஒரு விஷயத்தில் அந்தச் சேவலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆக, ஜாதி மட்டும் இல்லை, வளர்ப்பும் உண்டு. குஞ்சிலிருந்து மனுஷக் கையிலேயே தனியாக வளர்ந்த சேவலுக்கு மனுஷப் பயம் விட்டுப்போகிறது. தாய்க்கோழியோடும் மற்ற சேவல்களோடும் வளர்ந்து அடி வாங்கியதற்குத் தன் இடம் தெரிகிறது. அதே சமயம் மாமனாரின் காகமும் மனுஷக் கையிலேயேதான் வளர்ந்தது, அது யாரையும் தொடவில்லை. அங்கே ஜாதி வேலை செய்தது.

இதையெல்லாம் நான் மொத்தமாகப் பார்த்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் பக்கம் எல்லாவற்றையும் அடித்துப்போட்டுவிட்டுப் போனது. தென்னை பூராவும் சாய்ந்தது. தெருவில் தகரம், கீற்று, ஓடு என்று ஒரு கூடும் மிஞ்சவில்லை. எங்கள் மாட்டுக்கொட்டகையில் பாதி கான்கிரீட் என்பதால் அது நின்றது. பிழைத்த கோழிகளையெல்லாம் அக்கம்பக்கத்தார் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அடையாளத்துக்குக் காலில் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. நாலைந்து வீட்டுச் சேவல்கள் ஒரே கூரைக்கடியில்.

முதல் நாள் ஒரு சத்தம் இல்லை. இறகு நனைந்து, வெடவெடத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கூவக்கூட இல்லை. வெயில் வந்து இறகு காய்ந்ததும் ஆரம்பித்தது. சிறுவிடைகள் பொழுது சாய்வதற்குள் தீர்த்துக்கொண்டன. யார் பெரியவர், யார் அடுத்தவர் என்று முடிவாகிவிட்டது, அதற்குமேல் முறைப்போடு சரி. தீனி போட்டால் பெரியது முதலில் வரும், மற்றவை தள்ளி நிற்கும். வனராஜாச் சேவல் ஒன்று இருந்தது, மற்றதைப்போல ரெண்டு மடங்கு உடம்பு. ஒரு சின்னச் சிறுவிடை எகிறி உதைத்ததும் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. என் கொழுந்தனார் வீட்டு அசிலை மட்டும் தூணில் கட்டியே வைக்க வேண்டியிருந்தது. தோற்றுவிட்டேன் என்று தலையைத் தாழ்த்தி ஒதுங்கிப்போன சேவலைக்கூட அது விடுவதில்லை. எதிரி அடங்கினால் தானும் நிறுத்த வேண்டும் என்கிற புத்தி அதற்கு இல்லை. ஆனால் அதே நாட்களில், யார் வந்து அவிழ்த்தாலும் கட்டினாலும் கையைக் கொத்தாத சேவலும் அது ஒன்றுதான். மற்றவற்றைப் பிடிக்கப் போய் எல்லோர் கையிலும் கீறல்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் வீட்டுச் செவலை, உடம்பில் சின்னதாக இருந்தும், எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. அது அதன் இடம். வந்ததுகள் விருந்தாளிகள். உறையூருக்குக் கோழி என்று பழைய பெயர் வந்த கதையில், சோழனின் யானையைச் சேவல் எதிர்த்து விரட்டியது என்பார்கள். அங்கே பஞ்சவர்ணேஸ்வரர் கோயிலில் சிற்பமும் இருக்கிறது. யானை நடந்துபோனது அந்தச் சேவலின் குப்பைமேட்டு வழியாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி.

மற்ற ஜாதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வனராஜா ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கியது. வாட்டசாட்டமான உடம்பு, சாதுவான குணம், கீரி வந்தால் முதலில் போவதும் அதுதான். கடக்நாத் மத்தியப்பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கறுப்புக் கோழி. 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கேயும் எல்லோரும் ஓடி ஓடி வாங்கினார்கள். என்னிடம் இருந்தவை சண்டைக்காரர்கள் இல்லை, பயந்தாங்கொள்ளிகள். வாளி கீழே விழுந்தால் கூரைமேல் ஏறிவிடும். பிரம்மா பார்க்கப் பயங்கரம், குணத்தில் பரம சாது. ஆனால் காலெல்லாம் இறகு. நடவுக்காலச் சேற்றில் அது ரெண்டு உருண்டை மண்ணைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நம் ஊருக்கு ஆகாது என்று கொடுத்துவிட்டோம்.

மகள் இப்போது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். தாத்தாவின் காகத்தை மடியில் வைத்திருந்தவள்தான். அவள் லீவில் வரும்போது என் சந்தேகங்களை எடுத்துவைப்பேன். அவள் சொன்னதில் என்னை அசத்தியது பிராய்லர் கதை. பிராய்லர் கோழிகளின் தாய்தகப்பன் மந்தை என்று கம்பெனிகள் தனியாக வைத்திருக்கும். கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சேவல்களையும் சண்டை ஜாதிச் சேவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2000-ஆம் வருஷம் எழுதியிருக்கிறார்களாம். சேவலிடம் மூர்க்கம் காட்டியது சண்டை ஜாதி. பெட்டையிடம் மூர்க்கம் காட்டியது பிராய்லர் ஜாதி. பெட்டையைச் சுற்றி வந்து, இறக்கையைச் சாய்த்து ஆடி, தீனியைக் கொத்திப் போட்டுக் கூப்பிடுவதெல்லாம் அதற்குக் குறைவு. நேரே போய்ப் பாயும், கொத்தும், பெட்டை காயப்படும். மாமனாரின் காகம் புழு கிடைத்தால் தான் தின்னாமல் "கொக், கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டி நிற்கும். அதை நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை, பிராய்லரின் அகலமான நெஞ்சுக்குக் காரணமான கார்னிஷ் ஜாதி இங்கிலாந்தில் நம் அசிலையும் மலாய்க் கோழியையும் அவர்கள் ஊர்ச் சண்டைச்சேவலையும் சேர்த்து உருவாக்கியது. 1835-இல் இங்கிலாந்தில் சேவல் சண்டையைத் தடை செய்த பிறகு அங்கே கோழி வளர்த்தவர்கள் கண்காட்சிப் பக்கம் திரும்பினார்கள். பின்னால் கறிக்காகப் பொறுக்கினார்கள். கறியைப் பார்த்துப் பொறுக்கியவன் குணத்தைப் பார்க்கவில்லை. பிரியாணியில் இருப்பது அசிலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொன்னதற்குக் கொழுந்தனார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "அண்ணி, அசில் எங்க, அது எங்க?"

சண்டைக்கு மூலம் எங்கே இருக்கிறது என்பதும் பழைய கண்டுபிடிப்புத்தான். 1849-இல் பெர்த்தோல்டு என்கிற ஜெர்மன் விஞ்ஞானி இளம் சேவல்களின் விதைகளை எடுத்துப் பார்த்தார். எடுத்தவை கூவவில்லை, சண்டை போடவில்லை, கொண்டையும் வளரவில்லை. சிலவற்றுக்கு விதையை வயிற்றுக்குள்ளேயே வேறு இடத்தில் வைத்துத் தைத்தார். அவை பழையபடி கூவின, பெட்டையைத் துரத்தின, சண்டை போட்டன. விதையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கூவலுக்கும் பதவிக்கும் உள்ள தொடர்பை 2015-இல் ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் முதலில் கூவுவது கூட்டத்தில் பெரியதுதான், மற்றவை வரிசைப்படி பின்னால். இதற்கு நான் ஜப்பான் போக வேண்டியதில்லை. செவலையை விற்ற மறுநாள் விடியலில், அதுவரை ரெண்டாவதாகக் கூவிக்கொண்டிருந்த கீரி நிறத்துச் சேவல் முதல் ஆளாகத் தொண்டையைத் திறந்தது.

கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரே ஒரு சேவல், அது அசலான அசிலாக இருந்தால் பயம் வேண்டாம். ஆனால் அது ஒன்றுதான், இன்னொரு சேவல் அந்தக் கொல்லையில் இருக்கக்கூடாது. அண்ணன் தம்பியாகவே பிறந்த ரெண்டு அசில் குஞ்சை மூன்று மாதம் தாண்டி ஒன்றாக விட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. அசில் பெட்டைகளுக்கும் இதே புத்தி கொஞ்சம் உண்டு. முட்டையும் குறைவாகத்தான் வைக்கும், ஆனால் குஞ்சோடு நிற்கும்போது காக்கையும் கீரியும் யோசித்துத்தான் கிட்டே வரும். பல சேவல் வேண்டுமென்றால் சிறுவிடை வாங்குங்கள், ஓட இடம் விடுங்கள், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்று வையுங்கள். ஒற்றைக் குஞ்சை அடுப்படியில் வைத்துக் கொஞ்சாதீர்கள். சந்தையில் அசில் என்று சொல்லி விற்கிற கலப்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அசிலின் கால் பலமும் சிறுவிடையின் படபடப்பும் ஒரே உடம்பில் வரும். மனுஷரோடு அடக்கமாக இருக்கிற குணம் மட்டும் எங்கேயோ தொலைந்துபோயிருக்கும்.

ஏற்கெனவே விரட்டுகிற சேவல் வீட்டில் இருந்தால், ஓடாதீர்கள், உதைக்கவும் உதைக்காதீர்கள். ஓடினால் அது ஜெயித்துவிட்டது, உதைத்தால் சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒரு கோணிச்சாக்கைப் போட்டுப் பிடித்து, இறக்கையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற இடம், மாடு கட்டுகிற இடம் என்று உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். தினமும் செய்தால் பல சேவல் அடங்கிவிடும். முள்ளின் நுனியைக் கத்தரிக்கலாம், உள்ளே ரத்தம் ஓடும் இடம் வரை போகாமல் நுனி மட்டும். இதற்கும் அடங்காததைப் பெட்டையோடு சேர்த்து முட்டை எடுத்து அடை வைக்காதீர்கள், அந்தக் குணம் அடுத்த ஈட்டுக்கும் வந்து சேரும். எங்கள் செவலையை வாங்கிப் போனவரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வீட்டில் நாய் இல்லையாம், அதனால் பரவாயில்லை என்றார்.